ஆட்டாங்கல்லும் என் தோளும்

சூரத், 12.7.1994

செல்லாத்தாளுக்கு நாச்சிமுத்து எழுதுவது. நான் சுகம். நீயும் மகளும் சுகமா? நம்மூர் மில்லை மூடியவர்களின் புண்ணியத்தில் இந்த வயதில் இங்கிருந்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. நான் சாப்பிடுவது அந்தியூர்க்காரர் சின்ராசுவின் மெஸ்ஸில். அவருடைய இட்லி மெத்தென்று இருப்பதால், கல்லில் ஆட்டிய மாவு என்றே நம்பினேன். கிரைண்டர் மாவு ரப்பர் என்று உன்னிடம் சொல்வதையே இங்கும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். போன வாரம் கரண்ட் போய்விட்டது.

"ஏனுங்க மாமா, கிரைண்டர் நின்னுபோச்சுங்க. கல்லு மூலைல கெடக்குது, நீங்களே ஆட்டிப்போடுங்க" என்றார் சின்ராசு. எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாளும் நான் புகழ்ந்து தின்றது கிரைண்டர் மாவுதான்.

வீம்புக்கு உட்கார்ந்தேன். உளுந்து பாதி மசிவதற்குள் தோள் பிடித்துக்கொண்டது. மீதியை அவர் மனைவிதான் ஆட்டினார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன். தைலம் ஒரு புட்டி அனுப்பு. தேய்த்துவிட இங்கே ஆளில்லை, எட்டுகிற வரை நானே தேய்த்துக்கொள்கிறேன்.

கிரைண்டர் சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் மகளோடு கோயமுத்தூர் போய் ஒன்று வாங்கிவிடு. நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. தோள் வலிக்கிறது என்று நீ சொன்னபோதெல்லாம் சாக்கு என்றேன். இப்போது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

நாச்சிமுத்து