தொட்டி ஓரம் போட்ட அட்டை

சிங்கப்பூர்,
19-11-1961

அன்பு மகள் லீலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்ட கீரை மூன்று வாரமாகத் தலையெடுக்கவில்லை. ஓடில்லாத நத்தை, நம் வீட்டில் அட்டை என்போமே, அதுதான் தின்கிறது. காலையில் பார்த்தால் இலையெல்லாம் ஓட்டை, மண்ணில் வழவழவென்று தடம். பக்கத்துப் பாத்தியில் இயேசுதாசன் சித்தப்பாவின் கீரையில் மட்டும் ஒரு பொத்தல் இல்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்கியது. தடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், அவர் பாத்தியிலிருந்து நேராக நம் எருத் தொட்டிக்கு வந்தது. ஏழாம் தேதி காலை ஆறேகாலுக்கு அவரே அந்தத் தொட்டி ஓரம் குனிந்திருந்தார், என்னைக் கண்டதும் நிமிர்ந்து, என்னண்ணே சீக்கிரமே எழுந்துட்டீங்க என்றார். கையில் ஒரு டின் இருந்தது, அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை அம்மாவிடம் அவர் சொன்னாராம், உங்க தொட்டி ஓரமா நான்தான் அட்டை போட்டேன் அண்ணி, காலைல எடுத்துடுவேன்லா, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க என்று. போட்டதையும் சொல்லி எடுப்பதையும் சொல்கிறாரே, என்ன துணிச்சல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா, அவர் அப்படிப்பட்டவர் இல்லைங்க என்றாள், நான் காதில் வாங்கவில்லை. மறுநாளே வீட்டுக்காரர் அப்துல் மஜீதிடம் போய் தேதி, நேரம் எல்லாம் வைத்துச் சொன்னேன். அவரும் பாத்தியை ஒரு வாரத்தில் காலி செய்யும்படி இயேசுதாசனிடம் சொல்லிவிட்டார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கால் நசுங்கி வேலை போனதிலிருந்து அந்தக் கீரையைத் தேக்கா சந்தையில் விற்றுத்தான் அவர் வீடு நடக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல.

அந்த வாரமே சனிக்கிழமை காலை, அவர் காலி செய்வதற்குள், தொட்டியை நகர்த்தினேன். ஓரத்தை ஒட்டி அடியில் செருகினாற்போல் பால்டின் பெட்டியைக் கிழித்த காகித அட்டை ஒன்று, நனைத்துப் பரப்பியிருந்தது. திருப்பினால் அதன் கீழே ஒட்டிக்கொண்டு பதினேழு நத்தைகள். பக்கத்தில் உப்புத் தண்ணீர் டின். அவர் போட்டது இந்த அட்டையைத்தான், லீலா. ஈரத்துக்கு அதன் அடியில் ஒதுங்குபவற்றைக் காலையில் டின்னில் தட்டிவிட்டிருக்கிறார், நம் பாத்திக்கும் சேர்த்து. தொட்டிக்குள் கிளறினேன், முட்டை கொத்துக் கொத்தாக இருந்தது. சோறும் காய்கறித் தோலும் மூடாமல் கொட்டியது நாம். சாயங்காலம் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் மண்ணை ஈரமாக வைத்தவன் நான், அவர் காலையில்தான் ஊற்றுகிறார். தடம் எந்தப் பக்கம் போனது என்று தடம் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். முப்பத்தோரு வருடம் செய்தி எழுதினேன், எதிர்த் தரப்பைக் கேட்காமல் ஒரு வரி கொடுத்ததில்லை.

அப்போதே மஜீதிடம் ஓடினேன். நல்ல ஆளய்யா நீர், என்னையும் சேர்த்துக் கெட்ட பெயர் வாங்க வைத்தீரே என்று திட்டிவிட்டு, காலி செய்ய வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். பிறகு இயேசுதாசன் வீட்டு வாசலில் நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. பரவாயில்ல சார், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார். ஆறு வருடமாக அண்ணே என்று கூப்பிட்டவர்.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. சித்தப்பாவுக்கு நீ தனியாக இரண்டு வரி எழுது, அதில் எனக்காகப் பரிந்து பேசாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
பரமசிவம்