மலையை மறைத்த திரை

வியாழன் இரவு. ஊட்டி.

வில்லியனூர் மாதா கோவில் பங்கு மக்களோடு வேனில் வந்ததே மலையைப் பார்க்கத்தான். எழுபது வயதில் எனக்கு முதல் மலை. வேன் மலையேறத் தொடங்கியதும், எங்களைக் கூட்டிவந்த ரெஜினா எழுந்து, "வளைவுல தலை சுத்தும். ஸ்கிரீனை இழுத்து மூடிக்கினு ஜெபமாலை சொல்லுங்க" என்றாள். நான் திரையை ஓரமாக விலக்கினேன்.

"இன்னா ஆயா, மாதாவைவிட மரம் பெருசா?" என்றாள்.

வேனே சிரித்தது. திரையை மூடிவிட்டேன். தேர்த் திருவிழாவில் என் கையிலிருந்த பூத்தட்டைப் பிடுங்கியவளும் இவள்தான். கடைசி மன்றாட்டு முடிந்து திரையைத் திறந்தால் லாட்ஜ் வாசல்!

அவளுடைய ஜெபமாலை இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாளை மலை இறங்கும்போது தேடட்டும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மாதாவுக்கும் சேர்த்து மலையைப் பார்ப்பேன்.