எதிர்ப்பக்கத்தில் ஒருவர்

ஜூன் 9, திங்கள்

மகன் கவனிக்காததால் எழுபத்திரண்டு வயதில் வேலை தேடுகிறேன் என்று தெருவில் பேசுகிறார்களாம். தவறு. ஆனந்தகுமார் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நான் விண்ணப்பித்திருப்பது, ஆங்கிலம் பழகுகிறவர்களோடு கம்ப்யூட்டரில் தினமும் பேசும் வேலைக்கு. பேச வேண்டும், அவ்வளவுதான். போன ஆவணியில் அவர் போனபிறகு இந்த வீட்டுக்குள் என் குரலையே நான் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை நேர்காணல். வீட்டிலிருந்தபடியே.

ஜூன் 11, புதன்

மருமகள் துர்காதேவி சென்னையிலிருந்து போன் செய்தாள். "அத்தை, பின்னாடி செவுரு காலியா இருக்கட்டும். மாமா போட்டோவை எடுத்துடுங்க."

எடுக்கவில்லை. மேசையைத் திருப்பிப் போட்டேன். அவர் என் எதிரே இருக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

நாளை சற்று நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று பக்கத்து வீட்டுக் கமலவேணியைக் கேட்டேன்.

"இன்னாக்கா, கலெக்டர் உத்தியோகமா?" என்று சிரித்தாள். "நீ பேசுக்கா. நான் அந்நேரம் சோறு வடிச்சிக்கினு இருக்கேன்."

கண்ணாடி முன் பதில்களைச் சொல்லிப் பார்த்தேன். வேகம் அதிகம்.

ஜூன் 13, வெள்ளி

அரக்குப் பட்டு உடுத்தி, முன்னதாகவே உட்கார்ந்தேன். திரையில் என் முகம் மட்டும். கீழே எழுத்தில் ஒரு கேள்வி: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்பவர் வரட்டும் என்று காத்திருந்தேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவர்கள் பேசுமுன் வாய் திறக்கக் கூடாது — கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கியது. கேள்வி மாறியது. மறுபடியும் மாறியது. பிறகு மணி போல ஒரு சத்தம். வந்துவிட்டார் என்று எழுந்து நின்றேன்.

"நன்றி, நேர்காணல் முடிந்தது" என்றது திரை.

நான் என்ன தவறு செய்தேன்?

ஜூன் 14, சனி

துர்காவிடம் கேட்டேன். "ஐயோ அத்தை, அந்தப் பக்கம் ஆளே கிடையாது! கேள்வியைப் படிச்சிட்டு நீங்களே பேசணும். ரெகார்ட் ஆவும், அவ்ளோதான்."

ஆளே இல்லாமலா?

யாருமில்லாத இடத்தில பேச எனக்கு வேலை எதுக்கு? அதுதான் வீட்டிலேயே இருக்குதே.

ஜூன் 15

யாரோடும் பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பதில் வந்தது. "அன்புள்ள விண்ணப்பதாரரே, வருந்துகிறோம்." அனுப்பியவர் பெயர் இல்லை. நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதைத் தமிழில் இங்கே குறித்து வைக்கிறேன்:

என் பெயர் மங்கையர்க்கரசி கலியாணசுந்தரம். உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் என்னிடம் பதில் இருந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எதிரே ஒருவர் இருந்து கேட்பதானால் மறுபடியும் வருகிறேன். இயலாதென்றால், அதையும் ஒருவர் தம் பெயரிட்டு எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.