இரண்டாம் மாடி, பின்பக்க அறை

ஜூலை 2, புதன். ரனோங், தாய்லாந்து.

மலிவு விடுதிக்குள் நுழைந்ததும் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறவன் முட்டாள். முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். மழை ஊரில் கூரைதான் எல்லாம். பழுப்பு வளையம் காய்ந்து கிடந்தால் படுக்கலாம். ஓரம் கறுத்து ஈரமாக இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு அறை கேட்க வேண்டும். மூன்று அறை பார்த்தேன். நான்காவதைப் பிடித்தேன். இரண்டாம் மாடி, பின்பக்கம், மின்விசிறி மட்டும். இந்த ஊரில் ஏசி அறை எடுப்பது வடிகட்டின மடத்தனம். அந்தப் பழைய பெட்டி குளிரைத் தராது, நாற்றத்தைத்தான் தரும்.

விடுதிக்காரி பெயர் உபோன். நாற்பத்தைந்து வயதிருக்கும். எதைக் கேட்டாலும் சிரிப்பு. வெந்நீர் வருமா என்றேன். "வரும் அண்ணே." வரவில்லை. வருமென்று அவளும் நம்பியிருக்க மாட்டாள். இல்லை என்று சொல்ல வாய் கூசும் சனம் இது. நானும் இதே சனம்தான், ஆனால் இருபத்தாறு வருடமாக ரப்பர்ப்பால் வெட்டும் கத்தி விற்று ஊர் ஊராகப் படுத்து எழுந்ததில் எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது.

வரவேற்பு மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஊர்ப்பட்ட குப்பை. பழைய லாட்டரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எவனோ பிக்கு ஆகிற துறவுப் பத்திரிகை, யாரோ ஒரு குழந்தையின் படம். அதன் மேல் காபியை வைத்துக்கொண்டே பதிவேட்டில் பெயர் எழுதினேன். அவள் என் குடும்பப் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் போலிருக்கிறது.

தீவுக்குப் படகு நாளை போகுமாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூலை 3, வியாழன்.

காலை ஆறேகாலுக்கே வாசலில் ஆர்ப்பாட்டம். இந்தத் தெருக்கோடியில் இருக்கும் கோயிலிலிருந்து பிக்குகள் வரிசையாக வருகிறார்கள். உபோன் சோற்று வாளியைத் தடாலென்று வைக்கிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், ஈரத்தரையில் முட்டி போடுகிறாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிடுகிறார்கள். ஒரே கசகச. ஆகவே தெருப்பக்க அறை எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது. தரைத்தளம் கூடவே கூடாது.

படகு போகவில்லை. துறையில் சிவப்புக் கொடி.

படகு இல்லை என்று கேட்டதும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிட்டேன், போகட்டும்.

தொன் மூன்று வாரம் முன்பு பேசினான். என் மகன். இருபத்தொரு வயது. தீவில் அவன் அம்மாவோடு இருக்கிறான். மழைக்கால நோன்பு தொடங்கும் முன் பிக்கு ஆகிறானாம், மூன்று மாதத்துக்கு. "அஞ்சாம் தேதி சாயங்காலம் முடி இறக்குறாங்கப்பா. முதல் கத்திரி நீங்கதான் போடணும். மறுநாள் ஊர்வலத்துல பிச்சைப் பாத்திரமும் நீங்கதான் தூக்கணும்." பத்திரிகை அனுப்ப விலாசம் கேட்டான். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், எனக்கேதடா விலாசம் என்றேன். "அப்ப ரனோங் வந்ததும் ஒரு போன் போடுங்க, நான் வந்து கூட்டிக்கிறேன்." எனக்கு வழி தெரியாதா, போடா என்றேன். எட்டு வருடமாக அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவனுக்கு வாய்க்கொழுப்பு.

இன்று கூப்பிட்டுப் பார்த்தேன். போன் அணைந்து கிடக்கிறது. மழையில் தீவில் டவர் போயிருக்கும். அவன் அம்மா ரம்பாயின் எண் என்னிடம் இல்லை. இருந்தாலும்...

புதுக் கத்திரி கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் பட்டறையிலேயே சொல்லி அடித்தது. உபோன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வாழையிலை நறுக்கக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள். "இந்தாம்மா, இது அதுக்கில்ல" என்று பையில் வைத்துப் பூட்டினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

ஜூலை 4, வெள்ளி.

மழை. படகு இல்லை. செருப்பை வாசலில் விடாதே, அறைக்கு எடுத்து வா. விட்டேன். எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 5, சனி.

காலையில் கீழே ஒரு வெள்ளைக்காரன், முழங்கால் வரை சேறு, மழை எப்போது நிற்கும் என்று கேட்டான். "அக்டோபர்ல" என்றாள் உபோன், அதே சிரிப்போடு. இந்த ஒரு விஷயத்தில் அவள் பொய் சொல்லவில்லை. அவன் அடுத்துத் துணி எப்படிக் காயவைப்பது என்றான். சட்டையைத் துண்டுக்குள் சுருட்டி, மேலே ஏறி மிதி, பிறகு விசிறிக்கு நேரே கொடி கட்டு, சப்பாத்துக்குள் செய்தித்தாள் திணி, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்று. இத்தனை வயதுக்கு இதுகூடத் தெரியாமல் பாதி உலகம் தாண்டி வந்திருக்கிறான். சொல்லிக்கொடுத்தேன். நன்றி என்று கும்பிட்டான், அதையும் தப்பாக.

பத்து மணிக்குத் துறைக்குப் போனேன். கொடி. ஒரு மணிக்குப் போனேன். கொடி. படகுக்காரன் ஒருவன் கூரைக்கடியில் தாயம் ஆடிக்கொண்டிருந்தான். இரட்டிப்புத் தருகிறேன், கொண்டுபோய் விடு என்றேன். "உயிரோட போகணுமா, சும்மா போய்ச் சேந்தா போதுமா?" என்று கேட்டுவிட்டு ஆட்டத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். கழிசடைகள்.

தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு. எடுக்கவில்லை. பயணத்தில் தெரியாத எண்ணை எடுத்தால் எவனாவது காப்பீடு விற்பான்.

மணி ஐந்து. இந்நேரம் முடி இறக்கிக்கொண்டிருப்பார்கள். தாமரை இலையில் முடியை ஏந்துவார்கள். முதல் கத்திரி யார் போட்டிருப்பார்கள்? ரம்பாயின் அண்ணன் போட்டிருப்பான், எதிலும் முந்திக்கொண்டு நிற்கிற பயல். சரி, மழைக்கு நான் என்ன செய்ய முடியும்? நான் வரவில்லை என்றா சொன்னேன்? வந்து மூன்று நாளாக இந்தப் பாழாய்ப்போன ஊரில் நனைகிறேன். யாராலும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. முடியாதுதானே?

நாளை காலைப் படகு போனால் ஊர்வலத்துக்காவது போய்விடலாம். பாத்திரமாவது தூக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு. காலை.

எட்டு மணிக்குத் துறைக்குப் பேசினேன். மதியம்வரை படகு இல்லையாம். போனை வைத்த கையோடு தெருவில் பறையும் சிங்கியும். பின்பக்க அறையில்கூட உட்கார முடியவில்லை. எழுந்து நடைபாதையின் கோடியில் இருக்கும் ஜன்னலுக்குப் போனேன். எவன் வீட்டுப் பிள்ளையோ பிக்கு ஆகிறது. கொட்டும் மழையில் ஊர்வலம். குடித்துவிட்டு நான்கு பேர் ஆடுகிறார்கள், ஒருவன் சாக்கடையில் விழுந்து எழுந்து மறுபடி ஆடுகிறான். எல்லோரும் பிளாஸ்டிக் கோட்டு, முகம் தெரியாமல் தலைமூடி. நடுவில் வெள்ளை உடுத்திய பிள்ளை பெரிய குடைக்கு அடியில். மேலிருந்து பார்த்தால் குடைதான் தெரிகிறது.

பிள்ளைக்கு முன்னால் ஒரு பெண் நடக்கிறாள். காவித் துணி அடுக்கு அவள் கையில். பாத்திரமும் அவள் தோளிலேயே தொங்குகிறது. இது என்ன முறை? துணி தாய்க்கு, பாத்திரம் தகப்பனுக்கு. இரண்டையும் ஒருத்தியே சுமந்துகொண்டு தடுமாறுகிறாள். ஒரு காலத்திலும் இப்படியொரு அசிங்கத்தைப் பார்த்ததில்லை. தகப்பன் எங்கே தொலைந்தானோ! எந்தச் சாராயக் கடையில் விழுந்து கிடக்கிறானோ! பெற்ற பிள்ளையின் பாத்திரத்தைத் தூக்க வராதவன் எல்லாம் ஒரு ஆம்பளை.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதே நாள். மாலை.

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு மழை விட்டது. பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினேன். சீட்டு கொடுக்கிற பெண் கேட்டாள், "தீவுக்கா? அங்க இன்னிக்கு யாரைப் பாக்கப் போறீங்க? ஊரே நாலு நாள் முன்னால இங்க வந்திருச்சே."

"எதுக்கு?"

"ரம்பாய் அக்கா மவன் பிக்கு ஆவுறான்ல. தீவுக் கோயில்ல எல்லைக்கல் நட்ட மண்டபம் ஏது? இருக்கறதே ரெண்டு கிழட்டு பிக்கு. அங்க எப்பிடிங்க துறவு குடுப்பாங்க? எப்பவும் டவுன் கோயில்லதானே." பிறகு என் பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியாதா? அந்த மண்டபம் இல்லாமல் துறவு இல்லை என்று எனக்கு, ஒரு தாய்லாந்துக்காரனுக்கு, தெரியாதா? எந்த ஊர் விடுதியில் எந்தக் கூரை ஒழுகும் என்று தெரியும். என் பெண்டாட்டி ஊர்க் கோயிலில் மண்டபம் இருக்கிறதா என்று தெரியாது.

வண்டி பிடித்துத் திரும்பினேன். நேரே வரவேற்பு மேசைக்குப் போனேன். கண்ணாடியைத் தூக்கினேன். அந்தத் துறவுப் பத்திரிகை. தாய், ரம்பாய். தகப்பன், பிரசோங். நான்தான், என் குடும்பப் பெயரோடு. அதன் மேல்தான் காபியை வைத்திருந்தேன்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

உபோன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "பதிவேட்டுல பேரைப் பாத்தப்பவே தெரியும் அண்ணே."

"ஏன்டி சொல்லல? மூணு நாளா படகு படகுன்னு நாயா அலைஞ்சேனே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க போக மனசில்லாமதான் படகைச் சாக்கு சொல்றீங்கன்னு நெனச்சேன். கேட்டா உங்க முகம் என்னாவும்? சங்கடமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். வியாழக்கிழமை எழுதிய அந்த ஒரு நிமிட நிம்மதி... அவள் அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

கோயில் முந்நூறு அடி தூரம். நான் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரம்பாய் பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த பை, எவனுடையதோ ரப்பர் செருப்பு.

"வந்துட்டீங்களா? நேத்து ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

"உன் நம்பர்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்." அண்டாவைக் கவிழ்த்தாள். "பிள்ளை ஒரு வாரம் முன்னயே பாடம் படிக்க இங்க வந்துட்டான், வந்ததுமே அவன் போனைப் பெரிய பிக்கு வாங்கி வெச்சுக்கிட்டாரு. எங்கப்பா வருவாரு, எங்கப்பா வருவாருன்னு நேத்து முடி இறக்க விடாம ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தான். ரெண்டு மணி நேரம். பெரிய பிக்கே வந்து, இருட்டுதுப்பான்னு சொல்லி முதல் கத்திரி போட்டாரு. நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். இந்தத் தெருவுல. விடுதில."

அவள் சிரித்தாள். உபோன் சிரிப்பு இல்லை இது. "அதானே பாத்தேன். வேற எங்க இருப்பீங்க?"

என்ன சொல்வது? காலையில் ஜன்னலில் நின்று அவளையும் பார்த்தேன், அந்த ஊர் பேர் தெரியாத தகப்பனையும் வாயாரத் திட்டினேன் என்றா? அவள் பையனைப் பார்க்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.

நான் எழுதியதைப் புரட்டிப் படித்தேன். பெற்ற பிள்ளையின் பாத்திரத்தைத் தூக்க வராதவன் எல்லாம் ஒரு ஆம்பளை. என் கையெழுத்துதான். நல்ல தெளிவான கையெழுத்து.

ஜூலை 7, திங்கள்.

ஐந்தரைக்கே கீழே இறங்கிவிட்டேன். உபோன் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டை என் பக்கம் தள்ளினாள். வாழையிலை கிழித்துக்கொண்டிருந்தாள், கையால், கோணல்மாணலாக. கத்திரியை எடுத்துக் கொடுத்தேன். "இது அதுக்கில்லன்னீங்களே" என்றாள். இப்ப அதுக்குத்தான், நறுக்கு என்றேன்.

ஆறேகாலுக்கு வந்தார்கள். தூறல். ஏழு பேர், மூத்தவர் முன்னால். புதிதாகச் சேர்ந்தவன் கடைசியில் வருவான். நான் கடைசி ஆளைப் பார்க்காமல் சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தேன்.

புருவம்கூட இல்லை. என்ன முகமடா அது! குழந்தையில் பார்த்த அதே முகம். வலது காதுக்கு மேல் ஒரு வெட்டுக்காயம். எவனோ மட்டமான கத்தியைப் போட்டு மழித்திருக்கிறான். இருபத்தாறு வருடம் கத்தி விற்றேன், என் பிள்ளை தலைக்கு ஒரு நல்ல கத்தி வாய்க்கவில்லை.

செருப்பைக் கழற்றினேன். முட்டி போட்டேன். தண்ணீர் காற்சட்டையில் ஏறியது. பிக்கு ஆனவனைப் பெற்றவனும் கும்பிட்டுத்தான் ஆக வேண்டும், அவன் திருப்பிக் கும்பிட மாட்டான். தெரிந்த முறைதான். பாத்திரத்துக்குள் சோற்றை வைத்தேன். பாத்திரத்தின் அடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டேன். அப்படித் தாங்க வேண்டியதில்லை. தாங்கினேன். கனமில்லை அது.

அவன் பின்வாங்கவில்லை. ஆசீர்வாத மந்திரம் சொன்னான். புதுசு, நடுவில் தடுக்கியது. முன்னால் நின்ற கிழவர் எடுத்துக்கொடுத்தார். முடித்தபின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே மெதுவாகச் சொன்னான்:

"தினமும் இந்தப் பக்கம்தான் வருவோம்."

அவ்வளவுதான். போய்விட்டான். ஈரத்தில் வெறுங்காலோடு, கடைசி ஆளாக.

ஜூலை 11, வெள்ளி. நோன்பு தொடக்கம்.

அறை மாற்றிக்கொண்டேன். தரைத்தளம், தெருப்பக்கம், வாசலை ஒட்டியது. கூரையில் கறுத்த வளையம், மழை சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். "மூணு மாசம் இதுலயா அண்ணே?" என்றாள் உபோன். இந்த அறையைத் தேடி எடுக்கிறவன் முட்டாள்தான். காலையில் என்னை எழுப்ப வேண்டாம் என்று சொன்னேன். சோற்று வாளிச் சத்தத்துக்கே எழுந்துவிடுவேன்.