அந்தப் பால் ஜாயின்ட்டில் குறை இல்லை

அன்புத் தங்கைக்கு, அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள். இறங்கும்போது உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்குவதால் வலி தெரிவதில்லை போலிருக்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் குரலைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் உருண்டை மூட்டாக நீ புதிதாக வடிவமைத்த பால் ஜாயின்ட்டைச் சோதித்துப் பார்க்க உங்கள் கம்பெனி பத்து ஒர்க்ஷாப்புகளுக்கு அனுப்பியதே, அதில் நம்முடையதையும் சேர்க்கச் சொன்னது நீதான். பெட்டி வந்த அன்று உன் அத்தான் கைவேலையைப் போட்டுவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரப்பர் உறைக்கு ரெண்டு உதடு வெச்சிருக்கா பாரு, தண்ணியே உள்ள போகாது. கிரீஸ் அடிக்க வழியும் விட்டிருக்கா. இத்தனை வருஷம் பழசக் கழட்டிக் கழட்டி மாட்டினோமே, நமக்கு யாருக்காச்சும் இது தோணுச்சா?" என்றார். எனக்குத் தோன்றியது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் தோன்றவில்லை. அதுதான் எரிச்சல்.

பதினெட்டு வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்து எழுகிறேன். நான் சரிசெய்த ஸ்டீயரிங்குகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு தெரு போதாது. அதில் ஒன்றைக்கூட அவர் அப்படிக் கையில் ஏந்திப் பார்த்ததில்லை. ஸ்பேர்ஸ் கடைக்காரர்கூட என்னைக் கண்டால், "உங்க தங்கச்சி செஞ்ச சாமான் எப்ப கடைக்கு வரும்?" என்கிறார். முன்பெல்லாம் டீ குடிக்கிறீங்களா என்றாவது கேட்பார் மனுஷன்.

முதல் ஜோடியை நம் பழைய வாடிக்கை டாக்ஸிக்காரர் வண்டியில் நானே மாட்டினேன். எந்தச் சின்னச் சத்தமும் தப்பாத காது அவருக்கு, பாம்புச்செவி என்று நீதானே பட்டம் வைத்தாய். நான் அடியில் கிடக்க, அத்தான் பக்கத்தில் நின்று உன் புகழைப் பாடிக்கொண்டே இருந்தார். சீக்கிரம் முடித்து எழுந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஒன்பதாம் நாள் பாம்புச்செவி திரும்பி வந்தார். "பள்ளத்துல எறங்கினா முன்னாடி டக்கு டக்குனு கேக்குதும்மா. புதுசு போட்டப்புறம்தான்" என்றார். சொல்லக் கூசுகிறது, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் உங்கள் கம்பெனி அனுப்பிய அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். "ஒன்பதே நாளில் ஆட்டம் கண்டது, சத்தம் வருகிறது, பயன்படுத்தத் தகுதியில்லை" என்று எழுதி முத்திரை குத்தி, அத்தான் சாப்பிடப் போன நேரத்தில் உங்கள் கம்பெனிக்கு அனுப்பியும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன். உன் பால் ஜாயின்ட்டை லீவர் போட்டு நெம்பினேன். நூலளவும் அசையவில்லை. அதை மாட்ட வழிவிடுவதற்காகக் கழற்றிய, பக்கத்தில் இருந்த லிங்க் ராட் என்ற இணைப்புக் கம்பியின் நட்டு விரலாலேயே சுழன்றது. அதைக் கழற்றியவளும் நான், திரும்ப மாட்டியவளும் நான், இறுக்காமல் விட்டவளும் நான். அந்த நட்டு என்பதால் சத்தத்தோடு போயிற்று. பால் ஜாயின்ட் நட்டை அப்படி விட்டிருந்தால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கியிருக்கும். நட்டை இறுக்கிவிட்டு, தப்பு என்னுடையதுதான் என்று பாம்புச்செவியிடம் சொன்னேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப சரியா இருக்கும்மா, விடுங்க" என்றார்.

நேற்று நீ அம்மாவிடம் பேசினாயாம். ஒன்பது ஒர்க்ஷாப் நன்றாக எழுதியும், ஒன்று மோசமாக எழுதியதால் உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இருபதாம் தேதி கூட்டத்தில்தான் முடிவு என்றாயாம். அந்த ஒன்று எது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமலா இருக்கும்? என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்துவிட்டாயே, இதிலும் என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டாயே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது எனக்கு.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "அவளுக்கு எழுது" என்று சொல்லிப் பேனாவைக் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இத்துடன் திருத்திய அறிக்கை இருக்கிறது, கையெழுத்தும் முத்திரையுமாக. அதை மட்டும் பார்த்தால் தங்கைக்காக அக்கா மாற்றி எழுதிவிட்டாள் என்பார்கள். அதனால் கூட்டத்தில் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடு. என் புத்தியைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளை அடிக்காதே, மடித்து மறைக்காதே. அவை இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் படித்தால் படிக்கட்டும்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். இன்று காலை அத்தான் உன் பெட்டியைத் துடைத்து மேல்தட்டில் வைத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது ஜோடியையும் நானே மாட்டினேன். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை இறுக்கிப் பார்த்தேன்.

கூட்டத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நிதானமாகப் பேசு. நீ செய்தது ஊரெல்லாம் ஓடட்டும், நீ நன்றாக இரு. எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒரு போன் பண்ணு, திட்டுவதற்காகவாவது.

உன் அக்கா