நீலத்துக்குள் மறைந்த பெயர்

இன்று காலை லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் மரக்கறி போட்டுத் தந்த பையில், நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்து எழுத்தெல்லாம் கரும்பச்சையாகக் கிடந்தது. பையோடு நடைபாதையில் நின்றுவிட்டேன். நீ இறந்து நாற்பது நாளாகிறது. செத்தவீட்டுக்கு நான் வரவில்லை என்று உன் வீட்டார் குறைப்பட்டார்களாம். ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஜெர்மனியில் ஒரே அறையில் இருந்த நாம், லண்டனுக்கு வந்து ஃபாரஸ்ட் கேட்டில் அச்சகம் தொடங்கினோம். வடிவமைப்பு எனக்கு, மெசின் உனக்கு. "உன்ர கண், என்ர கை, இந்த ரெண்டும் காணும் மச்சான்" என்பாய்.

ஓர் ஆசிரியர் தன் மனைவியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அச்சடிக்க நம்மிடம் தந்தார். இரண்டே மை. நீல அட்டையில் அந்த அம்மாவின் பெயர் மஞ்சளில். எழுத்து வரும் இடத்தில் நீலம் விழாதபடி வெறுமையாக விட்டிருந்தேன். இல்லாவிட்டால் மஞ்சள் நீலத்தில் கலந்து மறைந்துபோகும். அச்சடித்து நீயே நேராக நினைவுநாள் நடந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தாய்.

ஆசிரியர் மலரை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ர மனிசியின்ர பேர் எங்கை தம்பி?"

நான் வாய் திறக்கமுன் நீ சொன்னாய்: "டிசைன் இவன்ர, ஐயா. கவனிக்காமல் விட்டிட்டான்."

எல்லார் முன்னும் அவர் கைகளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். எழுத்துக்கு இடம் விட்டதாக நினைத்து விடாமல் போனேனாக்கும், என் பிழை என்றே நம்பினேன். வரும் வழியில் நீ என் தோளில் தட்டி, "விடு மச்சான், மனிசருக்குப் பிழை வாறதுதானே" என்றாய். பழி போட்டதைக்கூட மறந்துவிடுவேன். அந்த ஆறுதலை மறக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து, வேறெதையோ தேடப்போய் உன் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தேன். பெயருக்கு ஓவர்பிரிண்ட், அதாவது ஒரு நிறத்தின் மேலேயே மறு நிறத்தை அடிக்கும் முறை, போடப்பட்டிருந்தது. என் பிரதியில் அது இல்லை. மெசின் இரண்டு நிறங்களையும் நேராகப் பொருத்தாமல் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழ, அதை மறைக்க, நான் விட்ட வெறுமையையும் நீலத்தால் நிரப்பி அதன் மேலேயே மஞ்சளை அடித்திருக்கிறாய்.

ஃபைலைக் காட்டிக் கேட்டதும் நீ சொன்னாய்: "ஓம், நான்தான். மெசின் பிழை எண்டா ஆர் எங்களிட்டை வருவினம்? உன்னை எண்டா மன்னிப்பினம்."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே?"

நீ மெசினைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அன்றே அச்சகக் கதவின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன்.

உண்மையைச் சொல்ல ஆசிரியரைத் தேடிப் போனேன். கனடாவுக்குப் போய்விட்டாராம். அவருக்கு இன்றும், மனைவியின் பெயரை அழித்தவன் நான்தான்.

இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். அச்சுக்குப் போகுமுன், அடித்துத் தரும் மெசின்காரரிடம் ஒவ்வொரு மாதிரித் தாளிலும் கையெழுத்து வாங்குவேன். "என்னிலை நம்பிக்கை இல்லையோ அண்ணை?" என்று அவர் சிரித்தபடி கேட்பார். நல்ல மனிதர். நான் பேனையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.