‘உடை உலர்ந்திருந்தது’ என்ற குறிப்பை நீக்கி, மறுபரிசோதனையைச் சரியாக நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
லச்செசார் துல்கெரொவ்,
கசிவு கண்டறியும் பிரிவு, நகரக் குடிநீர் நிலையம்,
(வீடு) ஆறாம் கட்டடம், தரைத்தளம்,
கமென்ப்ரோட்.

பெறுநர்
மாவட்டச் சுகாதார இயக்குநர் அவர்கள்,
கமென்ப்ரோட்.

பொருள்: என் தாயார் திருமதி பெத்கானா துல்கெரொவாவின் இயலாமை விழுக்காடு 74இலிருந்து 46ஆகக் குறைக்கப்பட்டது, வரும் மார்ச் 19 அன்று நடக்கவுள்ள மறுபரிசோதனை தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.40 மணி. இயலாமை மதிப்பீட்டு வாரியத்தின் கதவுக்கு வெளியே பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்களில் ஒருவர்கூட முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடித்திருக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அவர்களே பேசிக்கொண்டார்கள், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. என் தாயாருக்கு வயது 62. இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர். ஒரு ஷிப்டில் இரண்டு முறைதான் எழுந்து போக அனுமதி. மற்ற நேரமெல்லாம் அடக்கிப் பழகியவர். பிரசவத்தில் என்னை ஆயுதம் போட்டுத்தான் வெளியே எடுத்தார்கள். அன்று தொடங்கிய கருப்பை இறக்கம் இன்றுவரை இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முதுகெலும்பில் அறுவை நடந்தது. வலது கால் இழுத்துக்கொண்டே வரும். சிறுநீர் வரப்போகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில், சுவரில் சாத்திய ஊன்றுகோலை எட்டி எடுக்கும் நேரம்கூட அவருக்குக் கிடையாது. முந்தைய வாரியம் இதையெல்லாம் பார்த்துத்தான் 74 விழுக்காடு கொடுத்தது. அதன்பேரில் மாதாமாதம் ஈரம் உறிஞ்சும் பேட் கிடைத்தது. பகலில் உதவியாளராக மேல்மாடி வென்கா அத்தை சம்பளத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

2. எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம் ஒன்றைத் தங்கள் வாரியம் அறிந்திருக்கவில்லை, அல்லது அறிந்தும் கண்டுகொள்ளவில்லை. டாக்டரிடம் போவது இவர்களுக்குப் பெரிய பண்டிகைக்குத் தேவாலயம் போவது மாதிரி. முந்தின நாளே தலைக்குச் சாயம், குளியல், இஸ்திரி. மதியத்துக்கு மேல் தண்ணீர் இல்லை, மோர் இல்லை, தேநீர் இல்லை. சூப்பில்கூட ரொட்டியைத் தொட்டுக்கொள்வதோடு சரி. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை; எல்லாரும் செய்கிறார்கள். என் தாயார் நீலச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். நோயைக் காட்டப் போகிற இடத்துக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று நான் கேட்டேன். பதில் சொன்னது வென்கா அத்தை: “நாறிக்கிட்டுப் போய் நின்னா நோயாளின்னு நினைக்க மாட்டாங்கப்பா. குடிகாரின்னு நினைப்பாங்க.”

3. வாரியம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி அன்று ஓடவில்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு வெயிலில் வெளுத்திருந்தது என்பதால், அதற்கு முன்பும் வெகுநாள் ஓடவில்லை என்று முடிவு செய்கிறேன். நடக்க முடியாதவர்களைச் சோதிக்கும் அலுவலகம் மூன்றாம் மாடியில். ஏறி வந்தால் ஏற முடிகிறது என்று எழுதலாம். ஏற முடியாதவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதலாம். இரண்டிலும் வாரியத்துக்கு வேலை மிச்சம். பெஞ்சில் இருந்த பெண்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. “மூணு மாடி ஏறினதுக்கே பாதி வியாதி போச்சுன்னு எழுதிருவாங்க” என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர், “தண்ணியும் குடிக்காம வந்திருக்கோம். ஒட்டகம்னு சர்டிபிகேட் குடுக்கப் போறாங்க” என்றார். எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தால் கசிந்துவிடும்.

4. தண்ணீர் குடிக்காமல் வந்தும் என் தாயார் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நனைந்துவிட்டார். மேலே கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி பதிவாளர் மேசையில். பதிவாளர் என் வயதுப் பையன். அவனிடம் கேட்க என் தாயாரால் முடியவில்லை. கேட்கிறேன் என்று கிளம்பிய என்னையும் விடவில்லை. கீழே போய் வண்டி சரியாக நிற்கிறதா பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நான் திரும்பி வருவதற்குள், படிக்கட்டுத் திருப்பத்தில் வென்கா அத்தை தன் கோட்டைக் கழற்றி விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் ஒற்றைக் காலில் நின்று என் தாயார் பேட்டும் காலுறையும் மாற்றி முடித்திருந்தார். ஈரமானவை ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வென்கா அத்தையின் கைப்பைக்குள் போய்விட்டன. அதாவது, வாரியம் பார்க்க வேண்டிய ஒரே சான்று வாரியத்தின் கதவுக்கு வெளியேயே நின்றுவிட்டது.

5. உள்ளே நடந்ததை உடன் சென்ற வென்கா அத்தை சொல்லி அறிந்தேன். தட்டச்சு செய்ய அந்தப் பதிவாளரே உள்ளேயும் உட்கார்ந்திருந்தான். எத்தனை தடவை கசிகிறது என்று தலைமை மருத்துவர் கேட்டார். என் தாயார் அவன் பக்கம் பார்த்துவிட்டு, “எப்பவாச்சும். தும்மினா கொஞ்சம்” என்றார். வென்கா அத்தை வாயைத் திறந்தபோது, உங்களைக் கேட்கவில்லை என்று நிறுத்தப்பட்டார். மருத்துவர் என் தாயாரின் உடலைப் பரிசோதிக்கவில்லை, உடையைப் பார்த்தார். என்னைவிட நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றார். சட்டையை எங்கே தைத்தது என்று கேட்டார். என் தாயார் வெளியே வந்தபோது சிரித்த முகமாக இருந்தார். “டாக்டரம்மா நல்லவங்கடா. சட்டை நானே தச்சதுன்னு சொன்னா நம்பவே இல்ல” என்றார். படி இறங்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். முடிவு தபாலில் வந்தது: “நேர்த்தியான தோற்றம். உடை உலர்ந்திருந்தது. வாடை இல்லை. மூன்றாம் மாடிக்குத் தானே ஏறி வந்தார். கசிவு எப்போதாவது.” 46 விழுக்காடு.

6. நான் மருத்துவன் அல்ல. என் தொழில் மண்ணுக்கடியில் போகும் குழாயில் கசிவு இருக்கிறதா என்று சொல்வது. தண்ணீரை அடைத்துவிட்டு, குழாயை வெளியிலிருந்து துடைத்துப் பார்த்து, காய்ந்திருக்கிறது, கசிவு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. நிரப்பி, அழுத்தம் ஏற்றி, காத்திருந்து அளக்க வேண்டும். மனித உடலுக்கும் இப்படி ஒரு சோதனை இருப்பதாக எங்கள் குடும்ப மருத்துவர் சொல்கிறார்: தண்ணீர் குடிக்க வைத்து, எடை போட்ட பேட் ஒன்றைக் கொடுத்து, கொஞ்சம் நடக்கவும் இருமவும் குனியவும் சொல்லி, பிறகு பேட்டை மறுபடி எடை போடுவது. இதற்குத் தேவை ஒரு தராசும் பொறுமையும். வாரியத்தில் தராசு இருக்கிறது. கதவு திறந்தபோது நான் பார்த்தேன், அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

7. விழுக்காடு குறைந்ததும் பேட் நின்றது. வென்கா அத்தையின் பணியும் நின்றது. அவர் இப்போது சந்தையில் மிளகாய் விற்கிறார். பேட்டைச் சிக்கனப்படுத்த என் தாயார் கண்டுபிடித்த வழி, வீட்டிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஜனவரி 11 அன்று நான் காலை ஷிப்டில் இருந்தபோது, கழிப்பறைக்கு விரைந்தவர் தன் ஈரத்திலேயே வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஊன்றுகோல் பிடிக்கும் கை அது. நான் வேலை முடிந்து வரும்வரை தரையில் கிடந்தார். அடுத்த வீட்டு வானொலி சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார்கள். கொடுக்கவில்லை. உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தன் மேலங்கியைக் கழற்றி, எட்டிய தூரம்வரை தரையைத் துடைத்திருந்தார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். “துடைச்சு முடிச்சிட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன்” என்றார். மருத்துவமனையில் சிறுநீரகத் தொற்று என்றும் சேர்த்து எழுதினார்கள்; காரணம் தண்ணீர் குடிக்காதது. நீரிழப்பில் இருந்தவர் அன்று நனைந்த தரையில் கிடந்தார் என்பதைத் தாங்கள் தயவுசெய்து இரண்டாம் முறை வாசிக்க வேண்டுகிறேன்.

8. மேல்முறையீட்டுக்கு அவர் கையெழுத்துப் போட மறுத்தார். போன சோதனையின் குறையை நீக்க நான் ஒரு யோசனை சொன்னேன்: இந்த முறை ஒரு லிட்டர் குடித்துவிட்டு, பேட் இல்லாமல் போங்கள், அந்த நாற்காலியை நனையுங்கள், பிறகு எழுதட்டும் உலர்ந்திருந்தது என்று. தொழில்நுட்ப ரீதியாக இதில் பிழை இல்லை. என் தாயார் கரண்டியைக் கீழே வைத்தார். “நாப்பது வருஷமா இத ஒளிச்சு வச்சிருக்கேன்டா. உங்கப்பாவுக்கே தெரியாது. அத ஒரு பர்சன்டுக்காக அந்தப் பையன் முன்னாடி அவுத்துக் காட்டச் சொல்றியா?” என்றார். ஒரு வாரம் கழித்து, இடது கையால், சில நிபந்தனைகளோடு கையெழுத்திட்டார். அவை கீழே வருகின்றன.

9. ஆகவே நான் கோருவது இவ்வளவுதான். மார்ச் 19 அன்று மறைப்பு இருக்கும் அறையில், பெண் மருத்துவரும் வென்கா அத்தையும் மட்டும் இருக்க, அளந்து சோதியுங்கள். தட்டச்சு செய்பவர் வெளியே இருக்கட்டும். கழிப்பறைச் சாவியைப் பெண்கள் யாரையும் கேட்காமல் எடுக்கும் இடத்தில், ஓர் ஆணியில் மாட்டுங்கள். இந்த வெள்ளிக்கிழமை மார்ச் எட்டு, மகளிர் தினம். ஒவ்வொரு ஆண்டும் போல் தங்கள் அலுவலகம் வாசலில் நின்று பெண்களுக்கு ஆளுக்கொரு பூ கொடுக்கும். பூ வேண்டாம். அந்தச் சாவி போதும். என் தாயாரின் கோப்பிலிருந்து ‘உடை உலர்ந்திருந்தது’ என்ற வரியை நீக்குங்கள். அன்று பெஞ்சில் இருந்த மற்றப் பத்துப் பேரின் கோப்புகளிலும் அதே வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும்.

இம்மனுவின்மேல் தாங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் செய்யப்போவதைக் கீழே தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: கமென்ப்ரோட்
நாள்: 04.03.2024

இப்படிக்கு,
(ஒப்பம்) லச்செசார் துல்கெரொவ்

மார்ச் 19 அன்று நான் செய்யவிருப்பவை:

1. மின்தூக்கி ஓடாவிட்டால், நானும் என் சக ஊழியர் ஒருவரும் தாயாரைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடியும் தூக்கி வருவோம். ‘தானே ஏறி வந்தார்’ என்று இம்முறை எழுத முடியாது.

2. ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டம்ளர், எங்கள் வீட்டுத் தராசு மூன்றையும் கொண்டு வருவேன். உங்கள் பூந்தொட்டியை நகர்த்த வேண்டியதில்லை.

3. கழிப்பறை பூட்டியிருந்தால் பூட்டை வெட்டுவேன். கருவி என்னிடம் இருக்கிறது. உட்பக்கம் புதிய தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போவேன். அதற்காக என்மேல் வழக்குப் போடலாம். இம்மனுவையே வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. வென்கா அத்தை அன்று சந்தைக்குப் போகமாட்டார். அவர் உள்ளே வருவார், பேசுவார்.

5. நான் உள்ளே வரமாட்டேன். இது தாயாரின் முதல் நிபந்தனை. சோதனை முடியும்வரை கீழே நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

6. அவர் தலைக்குச் சாயம் பூசி, அதே நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வருவார். இது இரண்டாவது நிபந்தனை. மணிக்கட்டு இன்னும் சரியாகாததால் இஸ்திரி நான்தான் போடுவேன். மடிப்புச் சரியில்லை என்று இரண்டு தடவை போட வைப்பார். போடுவேன்.